தாத்தா காலத்து மூன்று துப்பாக்கிகள்: விற்பதா, வைத்திருப்பதா, ஒப்படைப்பதா?

மேகமலை_மகன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் மூன்றைப் பற்றி முடிவெடுக்க முடியாமல் ஓராண்டாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூன்றும் 12 போர் (குழலின் உள்விட்ட அளவைக் குறிப்பது) இரட்டைக் குழல் துப்பாக்கிகள். முதலாவது, என் தாத்தா ஹைவேவிஸ் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராக இருந்த காலத்தில், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் ஒருவரிடமிருந்து வாங்கியது. குழலின் மேற்பட்டையில் பர்மிங்காம் என்ற ஊர்ப்பெயர் மட்டும் படிக்கக் கிடைக்கிறது. செய்தவர் பெயர் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துவிட்டது. இரண்டாவது பெல்ஜியத்தில் செய்தது. இதன் குதிரைகள், அதாவது விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்திகள், வெளியே தெரியும். குழல் முழுவதும் தண்ணீரில் எண்ணெய் படர்ந்ததுபோல வளைவு வளைவாக ஒரு கோலம் ஓடுகிறது. மூன்றாவது நம் நாட்டு ஆர்டினன்ஸ் தொழிற்சாலை, அதாவது அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு. மிளகுத் தோட்டத்துக்குள் பன்றி வருகிறது என்று அப்பா 1980களில் வாங்கியது; வானத்தை நோக்கிச் சுட்டதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை.

2019ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றானபோது, அப்பா பெல்ஜியத்தை மதுரையில் உரிமம் பெற்ற ஒரு கடையில் ஒப்படைத்தார். அன்றிலிருந்து அதற்கு வாடகை கட்டிவருகிறோம். இப்போது கடைக்காரர், "எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூன்றையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி ஒரு தொகையைக் குறிப்பிட்டார். அந்தத் தொகைக்கு நடுத்தரமான ஒரு செல்போன் வாங்கலாம், அவ்வளவுதான். அப்பாவுக்கு 76 வயது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன்; வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

இவை மூன்றும் நன்றாகத் தேய்ந்த துப்பாக்கிகள். கட்டையில் விரிசல், குழலுக்குள் கறுப்புப் புள்ளிகள், மூடினால் லேசான ஆட்டம் என எல்லாம் இருக்கின்றன. பழுது பார்த்து விற்பதா, இருக்கிறபடியே விற்பதா, அல்லது விற்பது என்ற எண்ணமே வீண்தானா?

வால்பாறை_பழையவன்:

நண்பரே, நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்றவன் என்பதால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாரின் இரண்டு துப்பாக்கிகளை விற்றேன். கைக்கு வந்த பணத்திலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கடைக்கும் போய்வந்த பேருந்துச் செலவையும், விடுப்பு எடுத்ததில் போன சம்பளத்தையும் கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்குத்தான் ஆகும். ஆனாலும் விற்றதற்காக நான் வருந்தவில்லை. காரணம் விலையில் இல்லை, வைத்திருப்பதன் தொல்லையில் இருக்கிறது.

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு முறை, சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு முறை, உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு முறை என்று நாங்கள் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு முறை மழைக்காலத்தில், கழுத்தில் சீட்டுக் கட்டிய நாற்பது ஐம்பது துப்பாக்கிகளோடு எங்களுடையவற்றையும் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சுவரில் ஈரம் ஊறியிருந்தது. இரண்டு மாதம் கழித்து வாங்கி வந்து திறந்தபோது குழலின் உட்புறம் செம்மண் பூசியதுபோல இருந்தது. மாமனார் முப்பது ஆண்டுகள் எண்ணெய் போட்டுக் காத்ததை அந்த இரண்டு மாதம் தின்றுவிட்டது.

ஆகவே, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் விலை ஏறும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலம் ஏறும், தங்கம் ஏறும். நம் மலைக் காற்றில் கிடக்கும் தேய்ந்த துப்பாக்கி ஏறாது.

குழல்வைத்தியர்:

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கி பழுது பார்க்கும் பணிமனையில் இருந்தவன், இப்போது ஓய்வு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதே முதல் தவறு. கடைக்காரருக்கு அது வசதி, உங்களுக்கு இழப்பு. தேய்மானம் என்ற ஒரே சொல்லுக்குள் பத்து வகை இருக்கின்றன. அவற்றில் சில வெறும் அழகுக் குறை, சில கைவேலையால் சரியாகிவிடும், இரண்டு மூன்று மட்டும் துப்பாக்கியின் ஆயுளையே முடித்துவிடும்.

கட்டையில் உள்ள விரிசல், நீலப்பூச்சு போனது, செதுக்குவேலை மழுங்கியது ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூடினால் ஆட்டம் இருக்கிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் குழல் தாங்கித் திரும்பும் கீல் முள் தேய்ந்ததால் வருவது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பூட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். குழலின் பின்முகத்துக்கும் அது அணைந்து நிற்க வேண்டிய இரும்புச் சுவருக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் சுடக்கூடாது. தெரியாவிட்டால் ஆட்டம் சிறியதே.

உண்மையான கேள்வி குழலில்தான் இருக்கிறது. குழல் இரண்டையும் கட்டையிலிருந்து பிரித்து, அடியில் உள்ள கொக்கியில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். நல்ல குழல் கோயில் மணிபோலச் சில நொடிகள் ரீங்கரிக்கும். ஓட்டை விழுந்த பானையைத் தட்டியதுபோல 'டப்' என்று அடங்கினால், இரு குழல்களையும் இணைக்கும் பட்டை எங்கோ பற்றுவிட்டிருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து துரு அரித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, குழலைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். பழைய தோட்டாக்களின் கேப்பில் (ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் உள்ளே படிந்து நிற்பது ஒருவகை உப்பு. சாப்பாட்டு உப்பைப் போலவே ஈரத்தை இழுக்கும். சுட்டுவிட்டு அன்றே வெந்நீரால் கழுவாமல் வெறும் எண்ணெயை மட்டும் போட்டு வைத்த குழல்களில் அதனால்தான் குழிகள் விழுந்தன. அவை ஆழமில்லாத புள்ளிகளானால் தேய்த்து எடுக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்கக் குழலின் சுவர் மெலிகிறது என்பதை மறக்கக்கூடாது. 12 போருக்குக் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டையின் விட்டம் அதுதான், பெயர் வந்ததும் அதனால்தான். சுவர் எந்த இடத்திலாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் நான் வேலையை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

குழலின் உள்ளே ஓரிடத்தில் நிழல் வளையம்போலத் தெரிந்தால், வெளியே அதே இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் அது வீக்கம். குழலுக்குள் ஏதோ அடைப்பு இருந்தபோது யாரோ சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். குழலின் வாய்ப்பக்கத்தையும் கவனியுங்கள். இரு குழல்களும் வாயில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டு ஈயமோ பித்தளையோ நிரப்பியிருந்தால், வீங்கியதையோ வெடித்ததையோ மறைக்க ஒருவர் நுனியை அறுத்திருக்கிறார்.

இனி முத்திரைகள். குழலின் அடிப்பக்கத்தில், தோட்டா நுழையும் இடத்துக்குக் கீழே தட்டையான பகுதியில், கிரீடமும் எழுத்துகளும் பொறித்திருக்கும். பர்மிங்காமில் 1813 முதல் சோதனைக்கூடம் ஒன்று இயங்குகிறது. அதிகப்படியான வெடிமருந்தை அடைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை குத்துவார்கள். கிரீடத்தின் கீழ் என்பி என்றோ, 1954க்குப் பின் வந்ததானால் பிஎன்பி என்றோ இருந்தால் அது இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. பெல்ஜியத் துப்பாக்கியில் நீள்வட்டத்துக்குள் ஈஎல்ஜி என்று இருக்கும். அது லியேஜ் நகரத்து முத்திரை. அதனுடன் சிங்கமும் பிவி எழுத்தும் இல்லையென்றால் அது கரிமருந்துக் காலத்துக் குழல்.

நீங்கள் சொன்ன கோலத்திலிருந்து பார்த்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டைகளாகப் பின்னி முறுக்கி, உருளையில் சுற்றி, அடித்து ஒட்டிச் செய்தது. எத்தனையோ மணி நேரக் கொல்லன் வேலை அது. இன்று யாரும் அந்த விலைக்குச் செய்ய முடியாது. ஆனால் அத்தனை ஒட்டுகளில் எதற்குள் துரு புகுந்திருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இன்றைய தோட்டாவை அதில் போட்டுச் சுடாதீர்கள், சுட விடவும் விடாதீர்கள்.

பறக்கும்தட்டு:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. களிமண் தட்டுச் சுடும் விளையாட்டில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், வாங்குபவர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

1980களின் நடுப்பகுதியில் தனியார் இறக்குமதி நின்றதால் வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நம் நாட்டில் பொன் விலை என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது கைத்துப்பாக்கிகளுக்கும் பெயர்பெற்ற சில ரைபிள்களுக்கும் பொருந்தும். செய்தவர் பெயர் தேய்ந்துபோன ஒரு சாதாரண பர்மிங்காம் துப்பாக்கிக்குப் பொருந்தாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்கு என்று யாரும் வாங்குவதில்லை. விளையாட்டு வீரர்களோ மேலும் கீழுமாக அடுக்கிய குழல் கொண்ட இத்தாலியத் துப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள். பக்கம் பக்கமாகக் குழல் வைத்ததை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தால் வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்படியானால் தேய்ந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை வாங்குவது யார்? வங்கி வாசலில் நிற்கிற காவலரைப் பாருங்கள். பணி ஓய்வு பெற்ற படைவீரர்களில் பலர் சொந்த உரிமமும் சொந்தத் துப்பாக்கியும் வைத்திருந்தால்தான் அந்த வேலைக்குப் போக முடிகிறது. அவருக்கு வேண்டியது கோலம் போட்ட குழலோ ஆங்கிலச் செதுக்குவேலையோ அல்ல. விலை குறைவாக இருக்க வேண்டும், உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்க வேண்டும், கடையில் கிடைக்கிற தோட்டா அப்படியே நுழைய வேண்டும். இந்த மூன்றும் ஆர்டினன்ஸ் தொழிற்சாலைத் துப்பாக்கியில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாருமே மதிக்காத அந்த மூன்றாவதுதான் முதலில் விலைபோகும்.

பர்மிங்காமைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் அந்த நீளம் தோட்டாவின் வாய் விரிந்தபின் வருவது. சுடும்போது விரியும் வாய் குழலை நெருக்கும், அழுத்தம் ஏறும். விவரம் தெரிந்தவர் அறையை அளக்காமல் வாங்கமாட்டார். விவரம் தெரியாதவருக்கு விற்பது நமக்கு நல்லதல்ல.

கீழமாடம்:

எல்லோரும் விற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நூறு ஆண்டு கடந்த பெல்ஜியத் துப்பாக்கி ஒரு கலைப்பொருள். அதன் சுடும் ஊசிகளைக் கழற்றிவிட்டால் அது வெறும் அலங்காரம்தான். தொல்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரவேற்பறையில் மாட்டிவிட்டால் வாடகையும் மிச்சம், தாத்தாவின் நினைவும் மிச்சம்.

சட்டக்குறிப்பு:

கீழமாடம் ஐயா சொன்ன யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பாதி வாசகத்தை நம்பிச் சிறைக்குப் போகக்கூடிய இடம் இது.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் அவர் சொல்லும் விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த வகையாகவோ தொல்பொருள் மதிப்புடையதாகவோ பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுபடையாகப் பயன்படுத்த முடியாத ஆயுதத்துக்கு அது பொருந்தும். "பழுது பார்த்தாலும்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கழற்றிய ஊசியைப் பத்து நிமிடத்தில் திரும்ப மாட்டலாம்; இன்றைக்கும் 12 போர் தோட்டா அதற்குள் நுழையும். அதனால் வயது நூறானாலும் அது சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியே. உரிமமில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டுச் சிறை. நூறாண்டு கடந்த பொருள் என்பதால் வேறொரு கட்டுப்பாடும் சேரும்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வந்தால், வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி அங்கே ஏலம் விடலாம் என்ற வழியும் அடைபட்டுவிடும்.

இனி இழையைத் தொடங்கியவருக்கு. உங்கள் மூன்று துப்பாக்கிகளும் சட்டப்படி ஒரே நிலையில் இல்லை.

வீட்டில் இருக்கும் இரண்டும் உங்கள் தந்தையின் முறையான உடைமை. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்ததை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்க அவருக்கு வணிக உரிமம் தேவையில்லை. 5ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் விற்கப்போவதையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்தின் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்து 45 நாள் முடிந்த பிறகே கைமாற்ற வேண்டும். மனுவை நேரில் கொடுத்து, நாளிட்ட ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் உரிமத்தில் 12 போர் என்ற வகை இருக்கிறதா, வாங்குவதற்கான காலம் முடிந்துவிட்டதா, தனி அடையாள எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

கடையில் உள்ள பெல்ஜியம் வேறு. வரம்பை மீறியதால் ஒப்படைத்தது என்பதால் அது 21ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அங்கே ஒப்படைத்தவருக்கு இரண்டு உரிமைகள் உண்டு. சட்டப்படி மீண்டும் தகுதி பெற்றால் திரும்பப் பெறலாம். அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லித் தொகையைப் பெறலாம். இரண்டையும் குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் பறிமுதல் ஆணை வரலாம். "கிடக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது உங்கள் பட்டியலில் இல்லாத நான்காவது முடிவு. அதைத்தான் இத்தனை ஆண்டுகளாக நீங்கள் எடுத்துவந்திருக்கிறீர்கள். நாளைக்கே ஒப்படைப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஏதாவது ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் தந்தை இருக்கும்போதே செய்வது எளிது. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின் 25ஆம் விதிப்படி, உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தம் வாரிசுகளில் ஒருவரை அவர் குறிப்பிடலாம். உங்கள் தந்தைக்கு இரண்டுமே பொருந்துகிறது. அவர் காலத்துக்குப் பின் என்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் என்று தொடங்கி வீட்டில் துக்கம் ஆறும் முன்பே துப்பாக்கியை ஒப்படைக்க ஓட வேண்டியிருக்கும்.

மேகமலைப் பக்கம் என்பதால் இன்னொன்று. சரணாலயத்தின் எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்கத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் இசைவு வேண்டும் என்று வனவுயிர்ச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கோவை மாநகரில் குடியிருப்பவர் என்றால் உங்கள் விண்ணப்பம் மாநகரக் காவல் ஆணையரிடம் போகும்; அந்தச் சிக்கல் எழாது.

குழல் அறுத்திருப்பது பற்றிக் குழல்வைத்தியர் ஐயா சொன்னதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமமின்றிக் குழலைக் குறைப்பதை 6ஆம் பிரிவு தனியாகவே தடுக்கிறது.

கீழமாடம்:

தவறான தகவலைச் சொன்னதற்கு மன்னிக்கவும். என் மைத்துனர் வீட்டுச் சுவரில் ஒன்று தொங்குகிறது. இன்று மாலை அவரிடம் பேச வேண்டும்.

மேகமலை_மகன்:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் குழல்களைத் தட்டிப் பார்க்கிறேன். குழல்வைத்தியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கடைக்காரர் பர்மிங்காமைப் பற்றி, "உள்ளே தேய்த்து, புதிதாக நீலம் ஏற்றி, கட்டைக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் இரண்டு மடங்கு விலை வரும், செலவை நீங்கள் கொடுங்கள்" என்கிறார். செய்யலாமா?

குழல்வைத்தியர்:

செய்ய வேண்டாம். பழைய ஆங்கிலக் கட்டையை வார்னிஷில் முக்குவது, பாட்டியின் பழைய பட்டுப்புடவைக்குச் சாயம் போடுவதுபோல. விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தவுடன், வேறு எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவார். நீலம் ஏற்றுவதிலும் ஒரு கெடுதல் உண்டு: இன்று பல இடங்களில் செய்வது சூடான காரக்கரைசலில் முக்கும் முறை. பழைய இரட்டைக் குழல்களின் பட்டையைப் பிடித்திருப்பது மெல்லிய ஈயப்பற்று. அந்தக் கரைசல் பற்றை அரித்துப் பட்டையைத் தளர்த்திவிடும். நல்ல மணிக்குரலோடு போன குழல் பானைக்குரலோடு திரும்பிவந்ததை நான் கண்டிருக்கிறேன்.

உள்ளே தேய்ப்பதற்கு முன் அளவெடுங்கள். பழைய முத்திரையில் உள்விட்டமும் குறித்திருக்கும். அதற்கு மேல் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் கூடினாலே, சோதனைக்கூடத்தின் கணக்கில் அந்த முத்திரை செல்லாக்காசு. செலவுக் கணக்கும் எளியதுதான். கீல் முள்ளைச் சரிசெய்யலாம், ஏனென்றால் அது பாதுகாப்பு. மற்ற எதற்கும் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வராது.

வால்பாறை_பழையவன்:

நான் விற்ற இரண்டில் ஒன்றுக்கு வார்னிஷ் அடித்துத்தான் விற்றேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடிக்காத துப்பாக்கிக்கே கூடுதல் விலை கிடைத்தது.

மேகமலை_மகன்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

பர்மிங்காம் குழலைக் கிணற்றடித் தூணில் தொங்கவிட்டுத் தட்டினேன். நீளமாக, சுத்தமாக ஒலித்தது. சமையலறையிலிருந்து அம்மா, "யார் மணி அடிக்கிறது?" என்று கேட்டார். அடியில் கிரீடமும் என்பி எழுத்தும் தெளிவாக இருக்கின்றன. இடது குழலில் குழிகள் இருந்தாலும், திருச்சியில் ஒருவரிடம் கடிதத்தோடு கொண்டுபோய் அளந்ததில் சுவர் எங்குமே முக்கால் மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. அறை 65 மில்லிமீட்டர்தான். விற்றால் என்ன வரும் என்று மூன்று இடங்களில் கேட்டேன். மூவரும் கிட்டத்தட்ட ஒரே தொகையைச் சொன்னார்கள். அது அந்த ஒலிக்குக் காணாது என்று தோன்றியது. அப்பா என்னை வாரிசாகக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கோவையில் விண்ணப்பம் போட்டாயிற்று. துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் மாணவன்.

ஆர்டினன்ஸ் துப்பாக்கி பற்றிப் பறக்கும்தட்டு நண்பர் சொன்னதே நடந்தது. உத்தமபாளையம் பக்கத்து முன்னாள் ஹவில்தார் ஒருவர், வங்கிக் காவல் வேலைக்கென்று வந்து பார்த்தார். வந்தவர் குழலுக்குள் பார்த்தார், இரு விசைகளையும் இழுத்துப் பார்த்தார், கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் விலை பேசி முடித்தார். அந்த ஒன்றுக்கே, மூன்றுக்கும் சேர்த்துக் கடைக்காரர் சொன்னதில் முக்கால் பங்கு வருகிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி இன்றோடு 19 நாள். இன்னும் 26 நாள் இருக்கின்றன.

பெல்ஜியம்தான் சிக்கலாக நிற்கிறது. கடையிலேயே தட்டிப் பார்த்தேன், செத்த ஒலி. சிங்க முத்திரையும் இல்லை. வாங்க ஒருவரும் இல்லை. ஒப்படைத்து அழிக்க விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தாத்தா தம் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனபின் தினமும் மாலையில் அந்தக் குழலை மடியில் வைத்துக் கோலத்தைத் தடவிக்கொண்டிருப்பார் என்றார். எனக்குத் தெரியாத செய்தி அது. மூன்றாவது விற்றுப்போனால் அப்பாவின் உரிமத்தில் ஓர் இடம் காலியாகிறது அல்லவா, அந்த இடத்தில் பெல்ஜியத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ள மனுப் போடச் சொல்கிறார். விலைபோகிற நல்ல துப்பாக்கியை விற்று, சுடவே கூடாத துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கோப்பு இன்னும் பறிமுதல் ஆணைக்குப் போகவில்லை என்று உரிமப் பிரிவில் சொன்னார்கள். சட்டக்குறிப்பு ஐயா, 21ஆம் பிரிவின்படி அது முடியும்தானே?

சட்டக்குறிப்பு:

முடியும், ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் விற்பனை முடிந்து, விற்ற துப்பாக்கி உரிமத்திலிருந்து நீக்கப்பட்ட பதிவு கையில் வரட்டும். அதன் நகலை இணைத்தே அடுத்த மனுவைக் கொடுங்கள். இரண்டும் ஒரே நாளில் உரிமத்தில் நின்றால் மீண்டும் மூன்று ஆகிவிடும். இதற்கிடையே, பெல்ஜியத்தைத் திரும்பப் பெற எண்ணியிருப்பதாக உரிமப் பிரிவுக்கு ஒரு கடிதம் இப்போதே கொடுத்து, கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

குழல்வைத்தியர்:

வந்ததும் பட்டை விட்ட இடத்தில் எண்ணெய் ஊற்றாதீர்கள். முதலில் மிதமான வெயிலில் ஒரு நாள் வாய் கீழாகச் சாய்த்து வைத்து ஈரத்தை இறக்குங்கள். பிறகு மெழுகு கலந்த களிம்பை வெளியே மட்டும் தடவுங்கள். தோட்டாக்களை அந்த அறையிலேயே வைக்க வேண்டாம். குழலின் கோலம் அழியும்படி எமரித் தாளால் யாரும் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துரு எடுக்கிறேன் என்று சொல்லி அதைத்தான் முதலில் செய்வார்கள்.